தடையும் வலுவும்

கணக்குகளுள் மிக எளியது என்று மாணவர் கருதும் கணக்கு ஒன்று உண்டு. ஒரு மின்குமிழின் முனைகளுக்கிடையே உள்ள அழுத்த வேறுபாடு இத்தனை வோல்ற்று. அதனூடே செல்லும் மின்னோட்டம் இத்தனை அம்பியர். எனின் அதன் தடை யாது? அது செலவிடும் வலு யாது? அழுத்தத்தை ஓட்டத்தால் வகுத்தால் தடை கிடைக்கும். அழுத்தத்தை ஓட்டத்தாற் பெருக்கினால் வலு கிடைக்கும். க.பொ.த. சாதாரண தர வகுப்பிலே இதைப் படிக்காத மாணவர் இல்லை. பரீட்சை மண்டபத்தை விட்டு வெளியேறியதும் இதை மறவாத மாணவரும் அதிகம் இல்லை. நாம் இங்கு எடுத்துக்கொள்வது இந்தச் சிறு கணக்கையே. அதைக் கற்பிப்பதற்காக அன்று. அதற்கு ஒரு வரலாறு உண்டு என்பதையும், அந்த வரலாற்றில் வன்னி மண்ணுக்கும் ஓர் இடம் உண்டு என்பதையும் எடுத்துரைப்பதற்காகவே.

தமிழ் கற்பிப்போர்க்குப் பௌதிகத்தில் என்ன வேலை என்று சிலர் கேட்கக்கூடும். சொற்களே எம்மை இங்கு அழைத்து வந்தன. அழுத்தம், ஓட்டம், தடை, வலு என்னும் நான்கும், தாய்மொழியில் விஞ்ஞானம் கற்பிக்கும் நிலை நம் நாட்டில் ஏற்பட்டபோது பாடநூல்களுக்குள் புகுந்த கலைச்சொற்கள். ஆயினும் அவை புதிதாக வார்த்தெடுக்கப்பட்டவை அல்ல. வயலிலும் வீட்டிலும் புழங்கிய சொற்களே. 1990க்குப் பின் வன்னியிலே வளர்ந்த பிள்ளை, 'தடை' என்ற சொல்லைப் பௌதிக நூலில் முதன்முதலாகச் சந்திக்கவில்லை. பொருளாதாரத் தடை என்ற தொடரில், மண்ணெண்ணெய்க்கு நின்ற வரிசையிலே அதைக் கேட்டது. 'ஓட்டம்' என்றால் செல் விழும் ஊரிலிருந்து அடுத்த ஊருக்கு ஓடுவது என்றே அது முதலில் அறிந்தது.

சொல்லொற்றுமையை வைத்துச் சிலேடை பாடுவது நம் நோக்கமன்று. ஓர் அரசு விதிக்கும் தடைக்கு ஓம் என்ற அலகு பொருந்தாது. ஆனால் அந்தத் தடை மக்களிடமிருந்து எத்தனை உவாற்று வலுவைப் பறித்தது, அதை ஈடுசெய்ய மக்கள் எத்தனை உவாற்று உடலுழைப்பைக் கொடுத்தார்கள் என்பவற்றை ஓரளவேனும் கணக்கிட முடியும். அளக்கக்கூடிய துன்பத்தை அளந்து சொல்லாமல், 'சொல்லொணாத் துன்பம்' என்று ஒரு தொடரால் மூடிவிடுவது வரலாறு ஆகாது.

முதலிற் கணக்கின் பிறப்பைப் பார்ப்போம். பொருள்கள் மின்னைக் கடத்தும் தன்மையில் வேறுபடுகின்றன என்பதை அளந்தறிய முயன்ற முன்னோடிகளுள் ஒருவர் இங்கிலாந்தைச் சேர்ந்த கென்றி கவண்டிசு. அவர் பிரபு குடும்பத்தவர், பெருஞ் செல்வர். 1781ஆம் ஆண்டளவில், தம் உடலையே மானியாகக் கொண்டு, உடலில் ஏற்பட்ட அதிர்ச்சியின் அளவை உணர்ந்து ஒப்பிட்டு, பிற்காலத்து விதிக்கு மிக அண்மையான முடிவுக்கு வந்தார். ஆனால் அதை அவர் வெளியிடவில்லை. 1879இல் மக்சுவெல் அவருடைய கையெழுத்துக் குறிப்புகளைப் பதிப்பித்த பின்னரே உலகம் அதை அறிந்தது. ஏறத்தாழ ஒரு நூற்றாண்டுக் காலம் அந்த அறிவு காகிதக் கட்டுக்குள் உறங்கிக் கிடந்தது. அதை எவருடனும் பகிர்ந்தாகவேண்டிய தேவை அவருக்கு இருக்கவில்லை.

அந்த விதியை உலகின் பொதுவுடைமை ஆக்கியவர் ஒரு பள்ளி ஆசிரியர் என்பதை நம் ஆசிரிய நண்பர்கள் நினைவிற் கொள்வார்களாக. யோர்ச்சு சைமன் ஓம் 1789இல் செருமனியின் எர்லாங்கன் நகரிலே பிறந்தார். தந்தை பூட்டுத் தொழிலாளி. தாமாகவே கணிதம் கற்று அதைத் தம் மக்களுக்கும் ஊட்டியவர். ஓம் 1817 முதல் கொலோன் நகரத்து உயர்பள்ளியில் கணிதமும் பௌதிகமும் கற்பித்தார். பாடவேளைகளுக்கு இடையே எஞ்சிய நேரத்திற் பரிசோதனை செய்தார். அக்காலத்து மின்கலங்கள் நிலையான அழுத்தம் தருபவை அல்ல. எனவே அவர் பிசுமத்தும் செம்பும் இணைந்த ஒரு பொருத்தைக் கொதிநீரிலும் மற்றொன்றை உருகும் பனிக்கட்டியிலும் வைத்து, மாறாத மின்னியக்க விசை ஒன்றை உண்டாக்கினார். பின்னர் வெவ்வேறு நீளமுள்ள செப்புக் கம்பிகளை ஒவ்வொன்றாக இணைத்து ஓட்டத்தை அளந்தார். கம்பி நீள நீள ஓட்டம் குறைந்தது. அக்குறைவில் ஓர் ஒழுங்கு இருந்தது.

1826இல் கண்டதை 1827இல் நூலாக வெளியிட்டார். செருமனியின் அறிஞர் உலகம் அதை உடனே வரவேற்கவில்லை. இயற்கையைக் கணிதத்தால் விளக்க முற்பட்டதையே குறையாகக் கூறியோரும் இருந்தனர். எதிர்பார்த்த பல்கலைக்கழகப் பதவி கிட்டவில்லை. கொலோன் பள்ளிப் பதவியையும் துறந்தார். பேர்லினிற் சிறு ஊதியத்திற் பல ஆண்டுகளைக் கழித்தார். 1833இல் நூரம்பெர்க்குத் தொழில்நுட்பப் பள்ளியில் இடம் பெற்றார். இலண்டன் அரச கழகம் 1841இல் கொப்பிளிப் பதக்கம் அளித்த பின்னரே சொந்த நாட்டிலும் அவர் மதிப்பு உயர்ந்தது. மியூனிக்குப் பல்கலைக்கழகத்தில் முழுப் பேராசிரியர் பதவி கிடைத்தது 1852இல். இரண்டு ஆண்டுகளில் அவர் மறைந்தார். 1881இல் பாரிசிற் கூடிய சர்வதேச மின்னியல் மாநாடு, தடையின் அலகுக்கு அவர் பெயரைச் சூட்டிற்று.

வலுவின் கணக்கு வேறொரு வாயிலால் வந்தது. யேம்சு பிரெசுக்கொற்று யூல், மான்செஸ்ரர் அருகே சல்பேட்டில் மதுவடி ஆலை நடத்திய குடும்பத்தவர். ஆலையின் நீராவி எந்திரத்திற்குப் பதிலாக மின்மோட்டாரைப் பூட்டினால் செலவு குறையுமா என்ற கேள்வி அவரை ஆராய்ச்சிக்குத் தூண்டிய காரணங்களுள் ஒன்று. மின்கலத்தில் கரையும் நாகத்தின் விலை, எரியும் நிலக்கரியின் விலையை விட மிக அதிகம் என்று கண்டு மோட்டாரைக் கைவிட்டார். ஆனால் அந்த முயற்சியின் போக்கில், 1840இல், கம்பியிற் பிறக்கும் வெப்பம் ஓட்டத்தின் வர்க்கத்திற்கும் தடைக்கும் நேர்விகித சமமானது என்ற பேருண்மையைக் கண்டார். ஓட்டம் இரு மடங்கானால் வெப்பம் நான்கு மடங்கு. முதலாளியின் செலவுப் பேரேட்டிலிருந்து எழுந்த கேள்வி, மனிதகுலம் முழுவதற்கும் உரிய விடையைத் தந்தது. விஞ்ஞான வரலாற்றில் இத்தகைய முரண்கள் புதியவை அல்ல.

ஒன்றை இங்கு கவனிக்கவேண்டும். அளப்பது இரண்டே எண்களை: அழுத்தம், ஓட்டம். அவ்விரண்டையும் வகுத்தால், பாதை எவ்வளவு எதிர்க்கிறது என்பது தெரியும். அதே இரண்டையும் பெருக்கினால், அப்பாதையில் ஒவ்வொரு செக்கனும் எவ்வளவு சக்தி செலவாகிறது என்பது தெரியும். எதிர்ப்பும் செலவும் ஒரே அளவீட்டின் இரு முகங்கள். இரணைமடுக் குளத்தை அறிந்த மாணவனுக்கு இதை விளக்குவது கடினமன்று. குளத்தில் நிற்கும் நீரின் உயரம் அழுத்தம். துருசு திறந்தபின் வாய்க்காலில் ஓடும் நீர் ஓட்டம். ஒடுங்கிய, புல் மண்டிய, நெடுந்தூர வாய்க்கால் தடை. வாய்க்காலின் கடைக்கோடியில் வயல் உள்ளவன், குளம் நிரம்பியிருந்தும் தன் வயல் காய்வது ஏன் என்பதை எந்த நூலும் படியாமலே அறிவான். மின்சாரத்தைப் பொறுத்தவரையில், நெடுங்காலமாக அந்தக் கடைக்கோடியில் இருந்தது வன்னி.

இலங்கையின் நீர்மின் வரலாற்றை எழுதுவோர் டி. ஜே. விமலசுரேந்திர என்ற பொறியியலாளரிடமிருந்து தொடங்குவர்; அது முறையே. 1918இல், இலங்கையின் மின்வலுப் பயன்பாட்டுப் பொருளாதாரம் பற்றி இலங்கைப் பொறியியற் சங்கத்தில் அவர் கட்டுரை படித்தார். மலைநாட்டு நீர்வீழ்ச்சிகளின் வலுவைக் கொண்டு நாட்டை ஒளிபெறச் செய்யலாம் என்று கணக்கிட்டுக் காட்டினார். குடியேற்ற ஆட்சி தயங்கிற்று. இருபதுகளிலே தொடங்கிய வேலை இடைநடுவில் நின்றது. அவர் அரச சேவையிலிருந்து விலகி, 1931இல் அரசாங்க சபைக்குத் தெரிவாகி, அங்கும் அதற்காகவே வாதாடினார். 1950இல் இலக்சபானவின் முதற் கட்டம் 25 மெகாவாற்று வலுவுடன் இயங்கத் தொடங்கிற்று. மூன்று ஆண்டுகளின் பின் அவர் காலமானார்.

ஆனால் இவ்வரலாற்றில் வழக்கமாகச் சொல்லாது விடப்படும் ஒரு பகுதி உண்டு. இலக்சபான எங்கே இருக்கிறது? தேயிலைத் தோட்டங்களின் நடுவே. அந்த மலைச்சரிவுகளை அழித்துத் தேயிலை நட்ட தொழிலாளரின் பேரப்பிள்ளைகள், மின்நிலையம் திறக்கப்படுவதற்கு இரண்டு ஆண்டுகளுக்கு முன், 1948ஆம் ஆண்டுப் பிரசாவுரிமைச் சட்டத்தினால் நாடற்றவர் ஆக்கப்பட்டனர். அடுத்த ஆண்டு வாக்குரிமையும் பறிபோயிற்று. மின்கம்பிகள் லயங்களின் மேலாகக் கொழும்புக்குச் சென்றன. பல லயங்களுக்குள் பல பத்தாண்டுகள் குப்பி விளக்கே எரிந்தது. 1977இலும் 1983இலும் நடந்த இனவன்செயல்களால் மலைநாட்டை விட்டு அகன்ற குடும்பங்களிற் பல வவுனியாவுக்கும் கிளிநொச்சிக்கும் வந்து காடு வெட்டிக் குடியேறின. மின்சாரம் பிறக்கும் இடத்தில் இருளில் வாழ்ந்தவர்கள், மின்சாரம் வந்து சேராத இடத்தில் மீண்டும் இருளில் வாழ வந்தார்கள். மின்வலுவை உண்டாக்குவது வேறு, அதைப் பங்கிடுவது வேறு என்பதற்கு இவர்கள் வாழ்க்கையே சான்று.

வன்னியின் கிராமங்கள் மின்சாரமின்றியே உழைத்தன. 1936இல் குடியேற்றத் திட்டமாகத் தோன்றிய கிளிநொச்சி நெல் விளைத்தது. எழுபதுகளில், வெளிநாட்டு மிளகாயும் வெங்காயமும் கட்டுப்படுத்தப்பட்ட காலத்தில், விசுவமடு, முத்தையன்கட்டு ஆகிய இடங்களிற் குடியேறிய இளைஞர்கள் அப்பயிர்களிற் செழித்தனர். அவர்களுக்குத் துணை நின்றது மண்ணெண்ணெயில் ஓடிய நீரிறைக்கும் இயந்திரம். ஒரு பரிவலு என்பது 746 உவாற்று. உடல்வலிமையுள்ள ஒருவர் மணிக்கணக்கில் இடைவிடாது உழைத்தாற் கொடுக்கக்கூடியது ஏறத்தாழ 75 உவாற்று. ஒரு பரிவலு இயந்திரம் நின்றால், பத்துப் பேர் துலா மிதித்தாக வேண்டும். பின்னர் எரிபொருளுக்குத் தடை வந்தபோது வன்னித் தோட்டங்களில் நிகழ்ந்தது இந்தக் கணக்கே.

தொலைவு என்னும் தடையை வெல்லும் வழி யூலின் விதியிலேயே இருக்கிறது. பத்து இலட்சம் உவாற்று வலுவை 11,000 வோல்ற்றில் அனுப்பினால் ஓட்டம் ஏறத்தாழ 91 அம்பியர். அதே வலுவை 132,000 வோல்ற்றில் அனுப்பினால் ஓட்டம் 7.6 அம்பியர் மட்டுமே. அழுத்தம் பன்னிரண்டு மடங்கு கூட, ஓட்டம் பன்னிரண்டில் ஒரு பங்காகிறது. கம்பியில் வெப்பமாய் வீணாகும் வலுவோ 144இல் ஒரு பங்காகிவிடுகிறது. வயர்களின் எண்ணிக்கையையும் ஆடலோட்டத்தின் நுட்பங்களையும் எளிமை கருதி விட்டுவிட்டோம். உண்மையின் சாரம் இதுவே. இக்காரணத்தினாலேயே வவுனியா, கிளிநொச்சி வழியாகச் சுன்னாகத்துக்கு 132,000 வோல்ற்று வடம் அமைக்கப்பட்டது. அந்த வடம் போரில் அழிந்தது. வவுனியா நகரிலே விளக்கு எரிந்தது. அதற்கு வடக்கே, விரல்விட்டு எண்ணத்தக்க மின்பிறப்பாக்கிகள் உறுமிய இடங்கள் தவிர, இருள் ஆட்சி செய்தது.

1990 யூனிற் போர் மீண்டும் மூண்டது. வடக்குக்கு எடுத்துச் செல்லக்கூடாத பொருள்களின் பட்டியல் நீண்டது. எரிபொருள், சீமெந்து, உரம் ஆகியவற்றோடு உலர் மின்கலமும் அதில் இடம்பெற்றது. கைக்குள் அடங்கும் ஒன்றரை வோல்ற்றுக் கலம் ஆபத்தான பொருளாயிற்று. 1995 ஒக்டோபரில் யாழ்ப்பாணத்திலிருந்து இடம்பெயர்ந்தோரிற் பெருந்தொகையினர் வன்னிக்கு வந்துசேர, இருளைப் பங்கிட்டுக்கொள்வோர் தொகையும் பெருகிற்று.

அக்காலத்திலே வடபகுதி முழுவதும் பரவிய ஒரு சாதனம் சைக்கிள் தைனமோ. வண்டியை நிலைதாங்கியில் நிறுத்தி, மிதிகட்டையைக் கையாலோ காலாலோ சுழற்ற, பின்சில்லு தைனமோவைச் சுற்றும். தைனமோ தருவது ஆடலோட்டம். வானொலிக்கு வேண்டியது நேரோட்டம். எனவே இருவாயிகளை இணைத்து அதை ஒருவழிப்படுத்தினார்கள். பிபிசியின் தமிழோசையையும் வெரித்தாஸ் வானொலியையும் ஊர் கூடிக் கேட்டது இவ்வாறே. தங்கள் தலைக்கு மேல் என்ன நடக்கிறது என்பதைத் தாங்களே அறிந்துகொள்ள, மக்கள் தங்கள் கால்வலுவைச் செலவிட வேண்டியிருந்தது.

கணக்கைப் பார்ப்போம். வழக்கமான தைனமோ 6 வோல்ற்று, 3 உவாற்று. வலுவை அழுத்தத்தால் வகுத்தால் ஓட்டம் 0.5 அம்பியர். அழுத்தத்தை ஓட்டத்தால் வகுத்தால் தடை 12 ஓம். சைக்கிளின் முன்விளக்கு 2.4 உவாற்று, அதன் ஓட்டம் 0.4 அம்பியர், தடை 15 ஓம். பின்விளக்கு 0.6 உவாற்று; ஓட்டம் 0.1 அம்பியர், தடை 60 ஓம். சமாந்தரமாக இணைந்த 15 ஓமும் 60 ஓமும் சேர்ந்து 12 ஓம் ஆகின்றன. வண்டியைச் செய்தவன் இந்தக் கணக்கைப் போட்டே விளக்குகளைத் தெரிந்தெடுத்திருக்கிறான். பின்விளக்கு எரிந்துபோனால் முன்விளக்கு மிகையாக ஒளிர்ந்து விரைவிற் கெட்டுவிடும் என்று சைக்கிள் திருத்துவோர் சொல்வது வெறும் நம்பிக்கையன்று. அது ஓமின் விதி.

நான்கு கலங்களில் இயங்கும் சிறு வானொலி 6 வோல்ற்றில் 0.05 அம்பியர் எடுக்கிறது என்று கொள்வோம். அதன் வலு 0.3 உவாற்று. அரை மணி நேரச் செய்திக்கு வேண்டிய சக்தி 540 யூல். இது மிகச் சிறிய தொகை. ஆனால் தைனமோ, தான் பெறும் வலுவிற் பாதியைக் கூட மின்னாக மாற்றுவதில்லை. சில்லின் உராய்விலும் அச்சின் உராய்விலும் மீதி போய்விடும். செவிக்கு எட்டியது ஓர் உவாற்றின் மூன்றில் ஒரு பங்கும் இல்லை. கால் கொடுத்ததோ அதுபோற் பன்மடங்கு. மெதுவாக மிதித்தால் வோல்ற்று இறங்கிச் செய்தி தேய்ந்துவிடும். விரைந்து மிதித்தால் வோல்ற்று ஏறி வானொலிக்குக் கேடு. ஒரே சீராக மிதிக்க வேண்டும். ஓம் கொதிநீராலும் பனிக்கட்டியாலும் பெற்ற நிலையான அழுத்தத்தை, வன்னிச் சிறுவர்கள் தங்கள் கால்களாற் பெற்றார்கள்.

தேய்ந்த கலங்களை எறியாமல் வெயிலிற் காய வைத்ததும், உப்புநீர் ஏற்றியதும் அக்காலத்தை அறிந்தோர் நினைவில் இருக்கும். இதனை அறியாமை என்று நகைப்போர் பௌதிகம் அறியாதோரே. கலத்திற்குள்ளும் ஒரு தடை உண்டு; அதை அகத்தடை என்பர். கலம் பழுதாகும்போது பெரிதும் கெடுவது அதுவே. பழைய கலத்தை வோல்ற்றுமானியால் அளந்தால் ஒன்றரை வோல்ற்றுக்கு அண்மையாகவே காட்டக்கூடும். வானொலியிற் போட்டாலோ பேசாது. அகத்தடை 10 ஓம் என்று கொள்வோம். 0.05 அம்பியர் ஓடும்போது ஒவ்வொரு கலத்துக்குள்ளும் அரை வோல்ற்று வீழ்கிறது. நான்கு கலங்களில் 2 வோல்ற்று. ஆறில் எஞ்சுவது நான்கே. வெயிலின் சூடும் உப்புநீரின் ஈரமும் உலர்ந்த கலத்தின் அகத்தடையைச் சற்றே குறைக்கும். அச்சிறு குறைவினால் இன்னும் ஒரு செய்தி கேட்கலாம். பரிசோதனைசாலையில் அம்பியர்மானி இல்லாத காலத்தில், முற்றத்து வெயிலில் நடந்த பரிசோதனை இது.

விளக்கின் கணக்கு இன்னும் கசப்பானது. ஜாம் போத்தல் விளக்கிற் படித்தே எங்கள் தலைமுறை பரீட்சை எழுதியது. போத்தலின் அடியிற் சிறிது பஞ்சு, அதில் ஊறிய மண்ணெண்ணெய், ஒரு திரி. காற்றுக்கு அணையாதபடி கண்ணாடிச் சுவர். எண்ணெய்ச் சிக்கனத்திற்காகவே பிறந்த விளக்கு அது. அதிற் பெரியதொரு திரிவிளக்கு மணிக்குப் பத்து மில்லிலீற்றர் எரிப்பதாகக் கொண்டால், மண்ணெண்ணெயிற் செறிந்துள்ள சக்தியைக் கொண்டு கணக்கிட, அது செலவிடும் வலு ஏறத்தாழ 100 உவாற்று. அதிற் பெரும்பகுதி வெப்பமாகவும் புகையாகவும் போய்விடும். அது தரும் ஒளியோ மூன்று உவாற்றுச் சைக்கிள் குமிழின் ஒளிக்குக் குறைந்தது. ஏழையின் விளக்கு சிக்கனமான விளக்கன்று. உலகத்திலேயே மிக ஊதாரித்தனமான விளக்கு அதுதான். அந்த ஊதாரித்தனம் ஏழையின் குணமன்று, அவன்மீது சுமத்தப்பட்ட நிலை. குறைந்த ஒளிக்கு அதிக விலை கொடுக்குமாறு அவன் நிர்ப்பந்திக்கப்படுகிறான்.

முற்றுகைக்குள்ளும் எல்லோரும் ஒரே இருளில் இருக்கவில்லை என்பதையும் நாம் மறைக்கலாகாது. பதுக்கிய எண்ணெயை ஏறிய விலைக்கு விற்ற வர்த்தகர் இருந்தனர். அதிகாரத்தின் அருகில் இருந்தோர்க்கு மின்பிறப்பாக்கி கிட்டிற்று. அது கிட்டாத கூலித் தொழிலாளி வீட்டில், அந்தி சாய்ந்ததும் புத்தகம் மூடப்பட்டது. 2002இன் போர்நிறுத்தத்தால் தடை தளர்ந்தபோது பொருள்கள் வந்தன. 2006 ஓகஸ்ட்டிற் பாதை மூடப்பட்டபின் மீண்டும் அருகின. 2009 வரை நீண்ட அந்த இறுதிக் காலத்தில் வானொலியும் தைனமோவும் கூடச் சுமக்க இயலாத பாரமாயின. அதன்பின் நிகழ்ந்தவை எந்தக் கணக்கிலும் அடங்காதவை.

இன்று நிலை மாறியிருக்கிறது. போர் முடிந்த சில ஆண்டுகளுள் 132,000 வோல்ற்று வடம் மீண்டும் நிறுவப்பட்டு, கிளிநொச்சியும் யாழ்ப்பாணமும் தேசிய மின்வலையுடன் இணைந்தன. 2014 டிசெம்பரில் பளைப் பகுதியில், புலோப்பளையிலும் வல்லிமுனையிலும், ஒவ்வொன்றும் 10 மெகாவாற்றுக் கொள்ளளவுள்ள இரு தனியார் காற்றாலைகள் இயங்கத் தொடங்கின. இரண்டும் முழு வலுவில் இயங்கும்போது உண்டாகும் மின்வலு, அறுபத்தாறு இலட்சத்துக்கு மேற்பட்ட சைக்கிள் தைனமோக்களின் வலுவுக்குச் சமம். ஒரு தைனமோவைச் சுற்றக் கால் சளைத்த மண்ணிலே காற்று இதைச் செய்கிறது. இது முன்னேற்றமே, இதை மறுப்போர் இருளின் நண்பர்கள்.

ஆயினும் பழைய கேள்வி தீரவில்லை. வலு எங்கே பிறக்கிறது, எவர் உடைமையாகிறது, எவர் வீட்டை அடைகிறது? மன்னாரிலும் பூநகரியிலும் காற்றாலை அமைக்க வந்த அதானி குழுமம் 2025 பெப்ரவரியில் விலகிக்கொண்டது. ஒரு குழுமம் போகும், மற்றொன்று வரும். நிலமும் கடலும் காற்றும் உள்ள ஊர் மக்களிடம் கேட்டு முடிவெடுக்கும் வழக்கம் மட்டும் எளிதில் வருவதில்லை. 2022இன் நெருக்கடியில் நாள் ஒன்றுக்கு 13 மணி நேரம் வரை மின்வெட்டு நீண்டது. அவ்வாண்டு ஓகஸ்ட்டில் மின்கட்டணம் சராசரியாக 75 சதவீதமும், 2023 பெப்ரவரியில் மேலும் 66 சதவீதமும் உயர்ந்தது. கணவனை இழந்து தனித்துக் குடும்பம் சுமக்கும் முல்லைத்தீவுப் பெண்ணுக்கும், அம்பாந்தோட்டைச் சிங்கள விவசாயிக்கும், இலக்சபானவின் அடிவாரத்து லயத்துத் தொழிலாளிக்கும் அந்தப் பட்டியல் ஒரே மொழியிற் பேசிற்று. மூவரும் ஒரே வலையின் கடைக்கோடியினர்.

கடைக்கோடி என்பது உவமை மட்டுமன்று. நீண்ட மெல்லிய கம்பியின் முடிவிலுள்ள தோட்டத்தில், 230 வோல்ற்று மோட்டார் 5 அம்பியர் எடுக்கிறது என்று கொள்வோம். கம்பியின் தடை 4 ஓம் ஆயின், வழியில் 20 வோல்ற்று வீழ்ந்துவிடும். 100 உவாற்று கம்பியைச் சூடாக்குவதில் வீணாகும். மோட்டார் தளர்ந்து உறுமும். சில வேளை சுருள் எரிந்துபோகும். விவசாயி தன் மோட்டாரையும் தன் தலைவிதியையும் நொந்துகொள்வான். குறை மோட்டாரிலும் இல்லை, விதியிலும் இல்லை, கம்பியில் இருக்கிறது. தடித்த கம்பியும் அண்மையில் ஒரு மின்மாற்றியும் அக்குறையைத் தீர்க்கும். இதைக் கணக்கிட்டு, எண்களோடு மனு எழுதத் தெரிந்த ஒரு மாணவன் அவ்வூரில் இருந்தால், கல்வி அங்கே பயன் தந்தது எனலாம்.

இதற்காகவே நாம் இந்தச் சிறு கணக்கின் வரலாற்றை இவ்வளவு நீட்டினோம். நம் வகுப்பறைகளில் அழுத்தமும் ஓட்டமும் தடையும் வலுவும் எங்கோ பிறந்து வந்த எழுத்துகளாகக் கரும்பலகையில் நிற்கின்றன. பிள்ளைகள் அவற்றை மனனம் செய்து ஒப்புவிக்கின்றனர். அவர்களுடைய தாயார் சிறுமியாய் இருந்தபோது தைனமோ சுற்றியவர் என்பதும், மாமன் வெயிலில் மின்கலம் காய வைத்தவர் என்பதும் அவர்களுக்குத் தெரியாது. தெரிந்தாலும் அது படிப்பு என்று எவரும் அவர்களுக்குச் சொல்லவில்லை. தடை எங்களுக்கு அறிவைத் தந்தது என்று பெருமை கொள்வதும் பிழை. தடை அறிவைத் தரவில்லை, உழைப்பைத்தான் பறித்தது. அறிவு மக்களிடம் ஏற்கெனவே இருந்தது. வேறு நிலையில் அது மின்மோட்டார் செய்திருக்கும், காற்றாலை செய்திருக்கும். வாழ்ந்த காலம் அதை வானொலிக்கு 0.3 உவாற்றுத் தேடுவதிலேயே செலவழித்தது. அந்த நட்டத்தையும் கணக்கிற் சேர்க்க வேண்டும்.

ஆசிரியர்களே, மாணவர்களே, செய்யவேண்டிய பணி பெரிதன்று. பரிசோதனைசாலைக்கு ஒரு பழைய சைக்கிள் தைனமோவைக் கொண்டு வாருங்கள். வோல்ற்றுமானியும் அம்பியர்மானியும் இணைத்துப் பிள்ளைகளைச் சுற்ற விடுங்கள். சைக்கிள் திருத்துவோரிடமும் வானொலி திருத்துவோரிடமும் அக்காலத்து இணைப்பு முறைகளைக் கேட்டு, படம் வரைந்து, ஆண்டும் இடமும் குறித்து வையுங்கள். அவர்கள் முதுமை அடைந்து வருகின்றனர். போர்களின் வரலாறு பல முறை எழுதப்பட்டுவிட்டது. அப்போர்களினூடே மக்கள் எவ்வாறு விளக்கேற்றினார்கள், எந்த வலுவாற் செய்தி கேட்டார்கள், எவ்வளவு கொடுத்து எவ்வளவு பெற்றார்கள் என்பது இன்னும் எழுதப்படவில்லை. கவண்டிசின் பெட்டிக்குள் கிடந்த குறிப்புகள் ஒரு நூற்றாண்டு கழித்தேனும் வெளிவந்தன. அவை எழுதி வைக்கப்பட்டிருந்தன. நம் மக்களின் அறிவு எழுத்தில் இல்லை. அதை எழுதும் கைகள் இந்தப் பத்தாண்டிலேயே இயங்கியாக வேண்டும்.